உழைச்செல்வானின் கைகள்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்குச் செல்லும் பெருஞ்சாலை, கித்துல்கலையைக் கடந்ததும் களனி கங்கையின் கரையை விட்டு விலகி மலையேறத் தொடங்குகிறது. அதுவரை வழித்துணையாக வந்த இறப்பர் மரங்கள் மெல்லப் பின்தங்குகின்றன. தேயிலைச் செடிகள் சரிவுகளைப் போர்த்துக்கொண்டு எதிர்வந்து நிற்கின்றன. இவ்விரு பயிர்களும் ஒன்றிடம் ஒன்று விடைபெறும் எல்லையிலே, மேகம் தவழும் கணவாயின் தலைமாட்டில் அமைந்திருக்கிறது கினிகத்தேனை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் நீர்ச்சுமையை முதன்முதலாக இறக்கிவைக்கும் மலைமுகம் அது. அண்டையிலுள்ள வட்டவளை, ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர்; இலங்கைத் தீவில் மழை மிகுந்த இடங்களைக் கணக்கெடுப்போர் அதன் பெயரை முன்வரிசையிலே வைப்பர்.

மழையும் மூடுபனியும் கொண்டையூசி வளைவும் ஒருங்கு கூடிய சாலையில் என்ன நேரும் என்பதை மலைநாட்டார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அங்கு வந்து சேர்பவர் யாவர்? பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், லயத்திலிருந்து ஓடிவரும் இளைஞர், வழியே வந்த முச்சக்கர வண்டிக்காரர், தேநீர்க்கடை முதலாளி. ஒருவர் நெரிந்த தகரத்தைக் கையாலேயே வளைக்கிறார். ஒருத்தி இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் பிளந்த தலையொன்றை அழுத்திப் பிடிக்கிறாள். நாலு பேர் கம்பளியை விரித்துக் காயம்பட்டவரைக் கிடத்தி மேட்டுக்குத் தூக்குகின்றனர். கொழுந்து லொறி நிறுத்தப்படுகிறது. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பின்னர் அவர்கள் பீலிக்குச் சென்று, முழங்கை வரையில் தோய்ந்த பிறரது இரத்தத்தைக் கழுவிவிட்டு வேலைக்குத் திரும்புவர்.

அந்தக் கைகளைப் பற்றியதே இக்கட்டுரை.

நாற்கூற்று மருத்துவம்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் வைப்பது உழைச்செல்வானை. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலே சென்று நிற்பவன் உழைச்செல்வான். அவனின்றி மருத்துவம் நிறைவெய்தாது என்பது அப்பெருந்தகையின் துணிபு. உரையாசிரியர் பரிமேலழகர் இவனுக்கு நான்கு இலக்கணம் கூறுவர்: நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னவற்றைச் சொன்னவாறே செய்யும் வல்லமை, அறிவு.

இந்நான்கனுள் முதலாவதாகிய அன்பை மலைநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏனைய மூன்றும் அன்பைப்போல இயல்பாக ஊறி வருவன அல்ல. தூய்மைக்கு நீரும் சவர்க்காரமும் கையுறையும் வேண்டும். வல்லமைக்குப் பயிற்சி வேண்டும். அறிவுக்கு ஆசான் வேண்டும். இவற்றைக் கொடாமல் அன்பை மட்டும் வாங்கிக்கொள்ளும் சமுதாயம், உழைச்செல்வானுக்குக் கடன்பட்டு நிற்கிறது.

பண்டைத் தமிழர் புண்பட்ட வீரனைக் காக்க மனையிலே வேப்பிலை செருகினர், ஐயவி புகைத்தனர், காஞ்சிப்பண் பாடினர். புறநானூறு காட்டும் காட்சி இது. காவல் முழுவதும் கிடப்பவனுக்கே உரியதாயிருந்தது. அருகே இருந்து குருதி துடைத்தவளுக்கும் ஒரு காவல் வேண்டும் என்ற எண்ணம் உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் சென்றது. குருதியின் வழியே நோய் செல்லும் என்பதைக் கண்ணாற் காண முடியாதன்றோ?

மலை கண்ட துயரங்கள்

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் நிறுவனத்து டி.சி. 8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன்பாக மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 182 பயணிகளும் 9 பணியாளரும், ஆக 191 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளில் இதனினும் கொடியது வேறில்லை. அண்டைத் தோட்டங்களின் மக்களும் பொலிசாரும் இராணுவத்தினரும் அந்தச் செங்குத்தான மலையில் ஏறினர். காப்பாற்றுவதற்கு ஓர் உயிரும் எஞ்சாத இடத்தில், சிதறிய உடல்களைச் சேர்ப்பதே அவர்கள் செய்யக்கூடிய இறுதித் தொண்டாயிற்று.

அன்றைய மருத்துவ அறிவு எந்நிலையில் இருந்தது என்பதை ஈண்டு நினைத்துப் பார்த்தல் தகும். ஈரலைத் தாக்கும் ‘பி’ வகை நச்சுயிர் கண்டறியப்பட்டிருந்தது. அதற்குத் தடுப்பூசி இல்லை. ‘சி’ வகைக்கு அப்போது பெயரே இல்லை. 1989இல்தான் அது அடையாளம் காணப்பட்டது. எயிட்ஸ் நோய் மருத்துவ ஏடுகளில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது 1981இல். ஆதலின் அன்று மலையேறியவர்களிடம் கையுறை அணியுங்கள் என்று எவரேனும் வற்புறுத்தாது போயிருந்தால், அது அறியாமையின் குற்றம், மன்னிக்கத்தக்கது. இன்று அந்தச் சாக்கு நமக்கில்லை.

துயரங்களோ நின்றபாடில்லை. 2019 ஜூலையில் பெய்த பெருமழையில் கினிகத்தேனை நகரிலேயே சாலையோரத்துக் கடைவரிசை மண்ணோடு சரிந்து ஓர் உயிரைக் கொண்டது. 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயாவுக்கு அருகில் பேருந்தொன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் 7 பேர் இறந்தனர். 2025 மே 11ஆம் நாள் விடியற்காலையில், கொத்மலைப் பகுதியின் கெரண்டி எல்லையில் பயணிகள் நிறைந்த பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்டனர், காயமுற்றோர் பலர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டிட்வா’ புயல் மலைநாட்டைச் சரித்தபோதும், மண்ணுக்குள் கைவிட்டு முதலிலே தேடியவர் அயலவரே.

அரசாங்கத்தின் 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை இந்த இடைவெளியை நிரப்பப் பிறந்த நற்பணி. இந்தியாவின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அது, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. 1990 என்ற எண்ணைச் சுழற்றினால் கட்டணமின்றி வரும் அந்த வண்டியில், பயிற்சிபெற்ற பணியாளர் கையுறையோடும் முகக்கவசத்தோடும் வந்திறங்குகின்றனர். ஆயினும் மலைப்பாதையில் தூரத்தை அளப்பது கிலோமீற்றர் அன்று. வளைவும் மழையும் மண்சரிவுமே அளக்கின்றன. வண்டி வந்துசேரும் வரையிலுள்ள அந்த இருபது முப்பது நிமிடங்கள் வெறுங்கைக்காரருடையவை.

கண்ணுக்குத் தெரியாத மூவர்

இரத்தத்தின் வழியே தொற்றும் நோய்கள் பல. அவற்றுள் நாம் முதன்மையாக அறியவேண்டியவை மூன்று: ஈரல் அழற்சி ‘பி’, ஈரல் அழற்சி ‘சி’, எச்.ஐ.வி.

பொதுமக்கள் பெரிதும் அஞ்சுவது மூன்றாவதை. கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. நோயாளி ஒருவரின் இரத்தம் தோய்ந்த ஊசி மற்றொருவருக்குக் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. அந்த இரத்தம் கண்ணிலோ வாயிலோ தெறித்தால் அது பத்தாயிரத்தில் 9 அளவே. ஈரல் அழற்சி ‘சி’யின் வாய்ப்பை ஆயிரத்தில் 2 என்றும் 18 என்றும் ஆய்வுக்கு ஆய்வு வேறாகக் கூறுவர். ஈரல் அழற்சி ‘பி’யோ, தடுப்பூசி பெறாதவர்க்கு நூற்றில் 6 முதல் 30 வரை தொற்றவல்லது. அது மட்டுமா? உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தக் கறையிலும் ஏழு நாள் வரை அது வீரியம் குன்றாமல் இருக்கும். லொறியின் பலகையில் காய்ந்து கிடக்கும் கறை, மறுநாள் அதைச் சுரண்டிக் கழுவும் கிளீனர் பையனுக்கு இடர் விளைக்கக்கூடும் என்பதை எத்தனை பேர் அறிவர்?

பெரிதாக அஞ்சவேண்டிய பகைக்கே நல்ல கேடயமும் உண்டு என்பது இயற்கையின் ஒரு கருணை. 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் குருதியில் புதியதொரு பொருளைக் கண்டார் அமெரிக்க மருத்துவ அறிஞர் பாரூக் புளூம்பர்க். அதுவே ஈரல் அழற்சி ‘பி’ நச்சுயிரின் மேலுறை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவருக்கு 1976இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளை உலகம் ஈரல் அழற்சி நாளாகக் கொண்டாடுகிறது. அக்கண்டுபிடிப்பிலிருந்து தடுப்பூசி பிறந்து 1981இல் பயனுக்கு வந்தது. ஆறு மாத காலத்துள் மூன்று முறை குத்திக்கொண்டால், உடல்நலமுள்ள வளர்ந்தோரில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குமேல் காப்புப் பெறுவர்.

அதன் பயனை அமெரிக்க மருத்துவப் பணியாளரின் கணக்கே காட்டும். 1983இல் அவர்களுள் ஏறத்தாழ 17,000 பேரை இந்நோய் தொற்றியதாக மதிப்பிட்டனர். 1995இல் அத்தொகை 400 ஆகச் சுருங்கியது. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை அத்துணை மகிழ்ச்சிக்குரியதன்று. 2000ஆம் ஆண்டில் மட்டும் ஊசி முதலிய கூரிய கருவிகளால் ஏற்பட்ட காயங்களினால் மருத்துவப் பணியாளருள் 66,000 பேருக்கு ஈரல் அழற்சி ‘பி’யும், 16,000 பேருக்கு ‘சி’யும், 1,000 பேருக்கு எச்.ஐ.வி.யும் தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சார்ந்த ஆய்வாளர் மதிப்பிட்டனர். இக்கணக்கில் வைத்தியசாலைச் சுவருக்குள் உள்ளோர் மட்டுமே அடங்குவர். சாலையோரத்தில் கம்பளி விரித்தவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

முழுமையான தோல் யாருக்கு?

மருத்துவ நூல்கள் ஓர் ஆறுதல் கூறும்: பழுதுபடாத தோலின்மேல் இரத்தம் பட்டால் அஞ்சவேண்டியதில்லை, தோலே சிறந்த அரண். உண்மைதான். ஆனால் அந்நூல்களை எழுதியவர் தேயிலைத் தோட்டத்துக் கைகளைக் கண்டிலர்.

கொழுந்து பறிக்கும் விரல்களைப் பாருங்கள். கொழுந்தின் சாறு ஏறிக் கறுத்து, குளிரிலும் ஈரத்திலும் வெடித்து, வெடிப்புகளுக்குள் மெல்லிய செங்கோடுகள் ஓடும். முற்றிய வாது கீறிய தழும்பின்மேல் புதிய கீறல் இருக்கும். கவ்வாத்து வெட்டுகிறவரின் உள்ளங்கையில் கத்தி உராய்ந்த கொப்புளம் உடைந்திருக்கும். கான் வெட்டுகிறவரின் நகக்கண்கள் மண்ணில் தேய்ந்திருக்கும். கினிகத்தேனையின் ஈரமலைகளிலோ அட்டைக் கடியும் சேர்ந்துகொள்ளும். இத்தகைய கை பிறரது புண்ணை அழுத்திப் பிடிக்கும்போது, இரண்டு குருதிகளுக்கு நடுவே மருத்துவ நூல் சொன்ன அரண் எங்கே இருக்கிறது? நகரத்து எழுத்தருக்குப் போதுமான தோல், தோட்டத்துத் தொழிலாளிக்குப் போதாது. கையுறை அவருக்கு ஆடம்பரம் என்று சொல்வோர் இதனைச் சிந்திப்பாராக.

விபத்துகள் எப்போதோ நேர்வன; அன்றாடப் பணியிலேயே இரத்தத்தோடு பழகுவோரும் தோட்டத்தில் உண்டு. தோட்டத்து வைத்திய உதவியாளர், மருத்துவிச்சி, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்ப்பவர், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கிய கைக்கு முதற்கட்டுப் போடும் மேற்பார்வையாளர், நோயாளியை ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதி ஆகியோர் அவர்கள். வைத்தியசாலைக்குப் போகும் வழியில், லொறிக்குள்ளேயே பிள்ளை பிறந்த கதைகள் மலைநாட்டில் எந்தத் தோட்டத்திலும் கேட்கக் கிடைக்கும். நள்ளிரவில் கைவிளக்கின் ஒளியில் அந்தத் தாயையும் சேயையும் ஏந்திய கைகளுக்கு எவரும் கையுறை நீட்டியிருக்க மாட்டார்.

கையுறையின் பிறப்பு

கையுறை பிறந்த வரலாறு சுவையானது. நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஹால்ஸ்டட் என்ற அறுவை வைத்தியர் இருந்தார். 1889ஆம் ஆண்டு பனிக்காலத்தில், அவரோடு பணியாற்றிய கரோலைன் ஹம்ப்டன் என்ற தாதியின் கைகள், கிருமி நீக்குவதற்காகப் பயன்படுத்திய இரசக் கலவையினால் புண்ணாயின. அப்பெண் வேலையை விட்டுவிடுவாளோ என அஞ்சிய ஹால்ஸ்டட், குட்இயர் இறப்பர் நிறுவனத்துக்கு எழுதி அவளுக்கென்று மெல்லிய கையுறைகள் செய்வித்தார். அடுத்த ஆண்டிலே அவளை அவர் மணந்தும் கொண்டார். நோயாளிக்கும் கையுறையால் நன்மையுண்டு என்பது பின்னரே உணரப்பட்டது. அறுவைக் கூடத்துக் கையுறை முதன்முதலில் காத்தது உழைச்செல்வாளின் கைகளையே!

இதிலே இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அக்கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ப் பெருந்தொழிலுக்கு வித்திட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. இன்று இலங்கை இறப்பர்க் கையுறைகளைப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. கினிகத்தேனைக்குக் கீழே சரிவுகளில் வடியும் பால் கடல் கடந்து அயல்நாட்டுக் கைகளைக் காக்கிறது. அந்தச் சரிவுக்கு மேலே நாலு கல் தொலைவிலுள்ள லயத்துக்கு அது ஏறி வரவில்லை. ஏறி வருவதற்கு வேண்டியது பெருஞ்செல்வமன்று; நினைவு.

சட்டத்தின் கை

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தை உரிமையாளரின் பொறுப்பாக்கியது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம், தொழிலின் பொருட்டு நேர்ந்த காயத்துக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்றது. இவ்விரண்டும் உடைந்த காலையும் அறுந்த விரலையும் கண்முன் கொண்டு இயற்றப்பட்டவை. ஆறு மாதம் கழித்து மஞ்சள் பூத்த கண்ணாக வெளிப்படும் காயத்தைத் தொழிலாளி எவ்வாறு மெய்ப்பிப்பான்? அன்றைய தினமே எழுதிவைத்த அறிக்கையும், அன்றைய தினமே எடுத்த இரத்தப் பரிசோதனையுமே அவனுக்குச் சாட்சி. இவை இல்லையெனில் வழக்கு இல்லை. மனமுவந்து ஓடிவந்த முச்சக்கர வண்டிக்காரருக்கோ முதலாளியுமில்லை, சட்டமுமில்லை.

பிற நாடுகள் இதனை எவ்வாறு நோக்கின? அமெரிக்கா 1991 டிசம்பரில் விதித்த தொழிற்பாதுகாப்பு ஒழுங்கு, இரத்தத்தோடு தொடர்புறும் பணியாளர்க்கு ஈரல் அழற்சி ‘பி’ தடுப்பூசியையும் கையுறை முதலிய காப்புகளையும் இலவசமாக வழங்குவதை உரிமையாளரின் கடமையாக்கியது. தொற்று நேரக்கூடிய நிகழ்ச்சிக்குப் பின் மருத்துவக் கவனிப்பும் அக்கடமையுள் அடங்கும். ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, 2025 ஜூனில் வேலைத்தலத்து உயிரியல் ஆபத்துகள் பற்றிய 192ஆம் இலக்க உடன்படிக்கையை ஏற்றது. கிருமிகளால் தொழிலாளிக்கு நேரும் தீங்கும் தொழிற்காயமே என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

இலங்கையின் நிலை சில வகையில் பெருமைக்குரியது. 2003 முதல் ஈரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. எச்.ஐ.வி.யும் இங்கு உலக நாடுகளோடு ஒப்பிடுகையில் மிகக் குறைந்த அளவிலேயே உள்ளது. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். 2003க்கு முன் பிறந்தோர், அதாவது இன்று மலையில் கொழுந்தெடுப்போரும் லொறி ஓட்டுவோரும் மருத்துவிச்சியாய் இருப்போருமான பெரும்பான்மையோர், அத்திட்டத்தின் வலைக்குள் வந்தவரல்லர். பிள்ளைக்குக் காப்பு உண்டு. பிள்ளையைத் தூக்கி ஓடும் தாய்க்கு இல்லை. தோட்டமொன்றில் இரத்தத்தோடு பழகுவோர் எத்தனை பேர் இருப்பர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆளுக்கு மூன்று ஊசி. அதற்குத் திட்டக்குழுவும் வேண்டா, வெளிநாட்டுக் கடனும் வேண்டா.

செய்யத்தக்கன

அறிவு என்பது பரிமேலழகர் கூறிய நான்காம் இலக்கணம். அதனைச் சுருக்கமாகவேனும் இங்கே எழுதிவைத்தல் நம் கடன்.

இரத்தம் எவருடையதாயினும், அதில் நோய் இருக்கக்கூடும் எனக் கருதியே தொடவேண்டும். முகத்தைப் பார்த்து நோயை அறிய எவராலும் இயலாது. எல்லோரையும் ஒரேவிதமாக நடத்தும் இம்முறையில், எவரையும் ஐயுற்று ஒதுக்கும் பாவமும் இல்லை. கையுறை இருப்பின் அணிக. இல்லையெனில் துளையற்ற சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொள்க; சோறு கட்டும் லஞ்ச் ஷீற்றை மடித்துப் பிடித்தாலும் வெறுங்கையினும் மேல். காயம்பட்டவர் நினைவோடிருந்தால், அவருடைய கையையே புண்ணின்மேல் வைத்து அழுத்தச் சொல்லலாம். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் கையால் பொறுக்கலாகாது. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி பொருத்தும் பழக்கத்தை வைத்திய உதவியாளர் விட்டொழித்தல் வேண்டும்; அதனைத் துளைபடாத பெட்டியில் இட்டுவிடுதலே முறை.

இரத்தம் படிந்த இடத்தைக் கையுறையணிந்து துணியால் ஒற்றி எடுத்தபின், வீட்டில் பயன்படும் வெளிற்றுத் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுக. மறுநாள் அதே லொறியில்தான் கொழுந்து ஏறப்போகிறது.

இவ்வளவு விழிப்பையும் மீறி ஊசி குத்திவிட்டால், அல்லது புண்ணுள்ள கையில் இரத்தம் பட்டுவிட்டால் செய்யவேண்டியது யாது? ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவவேண்டும். மலைநாட்டில் பீலிக்குப் பஞ்சமில்லை. புண்ணைப் பிதுக்கி இரத்தத்தை வெளியேற்ற முயல்வதும், வெளிற்றுத் திரவத்தையோ சுண்ணாம்பையோ தடவுவதும் தவறு. அவை தோலை மேலும் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் தூயநீரால் பலமுறை அலசவேண்டும். பிறகு தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்னும் சொல்லே இங்கு நஞ்சு. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரைகளை இரண்டொரு மணி நேரத்துள் தொடங்குதல் நன்று. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கியபின் 28 நாள் விடாமல் உட்கொள்ளவேண்டும். ஈரல் அழற்சி ‘பி’க்குத் தடுப்பூசியையும், தேவைப்படின் எதிர்ப்புப் புரத ஊசியையும் 24 மணி நேரத்துள் பெறுதல் நலம். ‘சி’க்குத் தடுப்பூசி இல்லை, ஆயினும் அஞ்சற்க. பரிசோதனையில் தொற்று வெளிப்பட்டால், இரண்டு மூன்று மாதம் உட்கொள்ளும் மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் முற்றாகக் குணமடைகின்றனர்.

கினிகத்தேனை வைத்தியசாலையும், மேலே கிளங்கன் வைத்தியசாலையும், இறங்கினால் நாவலப்பிட்டியும் இப்பகுதி மக்கள் நாடிச் செல்லும் இடங்கள். ஆனால் செல்ல வேண்டும் என்பது முதலில் தெரிந்திருத்தல் வேண்டும். விபத்தில் காயமுற்றவருக்காக வைத்தியசாலைக்குச் சென்றவர், தமக்காகவும் ஒரு சீட்டுப் போடவேண்டும் என்று நினைப்பதேயில்லை. “எனக்கு என்ன, நான் சும்மா தூக்கினேன்” என்று சொல்லிவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறார். ஒருநாட் சம்பளம் போய்விடுமே என்ற கவலையும் அவரை இழுக்கிறது. அந்த ஒருநாட் சம்பளத்தைக் கொடுக்க ஆள் இருந்தால், பல உயிர்க்கவலைகள் தீரும்.

அச்சமும் அருளும்

இதைப் படித்த எவரேனும், ‘இனி விபத்தைக் கண்டால் விலகிப் போய்விடுவதே மேல்’ என்று எண்ணுவராயின், இக்கட்டுரை தன் நோக்கில் தோற்றதாகும். இலங்கையில் எச்.ஐ.வி. 1987இல் முதன்முதலாக வெளிப்பட்ட காலத்தில், உலகெங்கும் அந்நோயைவிட விரைவாகப் பரவியது அச்சமே. தொட்டால் தொற்றும், ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றும், பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தால் தொற்றும் என்றெல்லாம் பேசினர். அவை யாவும் பொய். வியர்வையாலும் கண்ணீராலும் கைகுலுக்கலாலும் இந்த மூன்று நோய்களும் பரவா. நோயுற்றவரும் நம்மோடு உண்டு உறங்கி வாழத்தக்கவரே.

கையுறையின் உட்பொருள் இங்கேதான் விளங்குகிறது. மனிதனை மனிதனிடமிருந்து பிரிப்பதற்கு அது செய்யப்படவில்லை. அஞ்சாமல் நெருங்குவதற்காகச் செய்யப்பட்டது. காப்புடைய கை தயங்காது நீளும். காப்பற்ற கையும் இதுகாறும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் என்றோ ஒருநாள், உதவப் போனவர் ஒருவர் நோயுற்றார் என்ற செய்தி லயத்துக்கு லயம் பரவுமாயின், அன்றைக்கு அந்த வளைவில் கவிழும் பேருந்தினுள் இருப்போர் நெடுநேரம் கூவ நேரிடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைநாட்டுப் பாடசாலைகளில் முதலுதவி கற்பிக்கையில், கட்டுப்போடும் முறையோடு காப்பணியும் முறையையும் கற்பியுங்கள். மாணவன் அதை இரவிலே வீட்டில் சொல்வான். தந்தையும் தாயும் கேட்பர். தோட்ட நிர்வாகத்தாருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் மற்றொரு வேண்டுகோள். பிள்ளைக் காம்பராவிலும் தொழிற்சாலையிலும் கொழுந்து மடுவத்திலும் லொறியிலும் கையுறைப் பெட்டி ஒவ்வொன்று தொங்கட்டும். அதன்மேல் ‘1990’ என்ற எண்ணும், ‘கழுவு, சொல், உடனே போ’ என்ற மூன்று சொற்களும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படட்டும். சம்பளப் பேச்சுவார்த்தையின் நீண்ட பட்டியலில் மூன்று தடுப்பூசிக்கும் ஒரு வரி இடம் கிடைக்கட்டும்.

அன்பு, தூய்மை, வல்லமை, அறிவு என உழைச்செல்வானுக்கு நான்கு இலக்கணம் சொன்னார் உரையாசிரியர். முதலாவதைக் கினிகத்தேனை மலைமக்கள் தம் கையோடு கொண்டுவருகின்றனர், அழைப்பாரை எதிர்பாராமல், மழையையும் பாராமல். மற்ற மூன்றையும் அக்கைகளில் வைக்கவேண்டியது நாம்.